வாய்க்கு வராத ஊர்ப்பெயர்

முதல் கல் முன் கண்ணாடியை நொறுக்கியது. இரண்டாவது என் தோளில் விழுந்தது. நான் பிரேக்கை மிதித்தேனா, கால் தானாக மிதித்ததா, இன்றைக்கும் தெரியாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் தனியார் பேருந்துக்கு அப்போது நான் டிரைவர். இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் முழுக்க மறியல் தொடங்கிய நாள் அது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை ஏறுவதற்குச் சற்று முன்னால், சாலையோரப் புளியமரம் ஒன்றைக் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வெட்டு விழுந்திருந்தது. அது சாய்வதற்குள் சாலையை அடைக்க அவர்களுக்கு என் வண்டி தேவைப்பட்டது.

"வண்டிய குறுக்க போடு" என்றார்கள்.

காதில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. சேர்த்துப் பார்த்தால் பொருள் வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். திமிர் என்று நினைத்துவிட்டார்கள். கதவைத் திறந்து என்னைக் கீழே இழுத்துப் போட்டு, கட்டையால் விலாவில் அடித்தார்கள். உள்ளே ஏதோ முறிந்தது. பேருந்துக்குள் இருந்த பெண்கள் அலறினார்கள். கோடாலி வைத்திருந்தவன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"எந்த ஊருடா நீ?"

தியாகதுருகம் பக்கம் என் ஊர். அவர்கள் என் சாதிக்காரர்கள்தான். ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பெயர் வரவில்லை. எங்கள் வீட்டு வாசல் தெரிகிறது, பின்னால் மலைக்கோட்டை தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. மறுபடி கேட்டான். மறுபடி அடி விழுந்தது.

கண்டக்டர்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். என்னைவிட இளையவன். என் ஊர்ப்பெயரையும் அப்பா பெயரையும் அவன் கத்திச் சொன்னான். கூட்டத்தில் ஒருவருக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது. பிடி தளர்ந்தது.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?" என்றான் கோடாலிக்காரன். மரம் சாய்வதற்குள் மலைக்கு ஏறிப் போய்விடு, கீழே இறங்கினால் வண்டியைக் கொளுத்துவோம் என்றான்.

கண்ணாடி இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு ஏறினேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவில் கத்தி இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி பள்ளத்தில் பாய்வதுபோல ஒரு காட்சி வந்து நெஞ்சை அடைத்தது. எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதைக் கண்டக்டர் என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தான். எத்தனையோ தடவை ஓட்டிய பாதை அது.

இந்த நிலைமை அன்றைக்கு வந்ததல்ல. இரண்டு மூன்று வருடமாகவே இருந்தது. சாப்பிட்டால் வயிறு உப்பும், பிறகு பேதியாகும். வாயெல்லாம் புண். உடம்பு இளைத்து, காக்கிச் சட்டை தொங்கியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தலையைத்தான் தாங்க முடியவில்லை. தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்ததுபோல இருக்கும். பேச ஆரம்பித்த வாக்கியம் பாதியில் அறுந்துவிடும். சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் தடதடவென்று அடித்துக்கொள்ளும், இப்போதே சாகப்போகிறேன் என்று கை கால் வெலவெலக்கும். குடிக்கிறேன் என்றார்கள் ஸ்டாண்டில். காத்து கருப்பு என்று மாமியார் மந்திரிக்க அழைத்துப் போனார். வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார் ஒரு டாக்டர். காலையில் பன்னும் டீயும், ராத்திரி ஸ்டாண்டுக் கடையில் புரோட்டா, இடையில் கிடைத்தால் ரவை உப்புமா என்று நான் சாப்பிட்டதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மேலே, பயணிகள் இறங்கிப் போனதும், கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மலைக்குடும்பம் எனக்கும் கண்டக்டருக்கும் இடம் கொடுத்தது. துணியால் என் விலாவை இறுக்கிக் கட்டினார்கள். பின்பக்கப் பாறையில் நின்று பார்த்தால் சமவெளியில் அங்கங்கே புகை எழுவது தெரியும். பேருந்தா, குடிசையா, வைக்கோல் போரா என்று தெரியாது. ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தவர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். போலீஸ் சுட்டதில் ஆள் விழுந்தது, காலனிக் குடிசைகளுக்கு நெருப்பு வைத்தது, எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஓடும் வண்டியிலிருந்து ஒருவனை இழுத்து அடித்தது. யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டாலே நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

மறியல் முடிந்த பிறகும் கண்ணாடி போடாத வண்டியை இறக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். கண்டக்டர் நடந்தே இறங்கிப் போனான். முறிந்த விலாவோடு நான் தங்கிவிட்டேன், கிட்டத்தட்ட ஒரு மாதம். அந்த வீட்டில் சாமைச்சோறு, கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு. வேறெதுவும் கிடையாது.

எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் பேதி நின்றது. பிறகு ஒரு காலையில், அந்த வீட்டுக்காரரிடம் வண்டியின் கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பேசி முடித்த பிறகுதான் உறைத்தது, நடுவில் எங்கும் அறுபடாமல் பேசியிருக்கிறேன். எழுந்து பாறைக்குப் போய் அழுதேன்.

வீடு திரும்பிய அன்றைக்கு என் மனைவி கடையிலிருந்து புரோட்டாவும் சால்னாவும் வாங்கி வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று. ஆசையாகத் தின்றேன். விடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் வீட்டுக்கும் ஓடினேன். இரண்டு நாளில் தலைக்குள் பஞ்சு திரும்பிவிட்டது. தெருவில் பையன்கள் பட்டாசு வெடித்ததற்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தேன். அவள் இழுக்க வந்தபோது யாரென்று தெரியாமல் கையை முறுக்கினேன். கண்ணாடி வளையல் உடைந்து அவள் மணிக்கட்டைக் கிழித்தது.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "மலைமேல நல்லா இருந்தேன்னு சொன்னீங்களே. அங்க இன்னா சாப்ட்டுக்கினு இருந்தீங்க?"

சொன்னேன். வந்த அன்றைக்குப் புரோட்டா தின்றதை அவளே சொன்னாள்.

அதற்கப்புறம் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். தொண்டை வழியாகக் குழாய் விட்டு, குடலில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் என்றார் அந்த லேடி டாக்டர். கோதுமை என் குடலைத் தின்றுகொண்டிருந்தது என்றார். மைதா, ரவை, சேமியா, பிஸ்கெட் எதுவும் ஆயுளுக்கும் கூடாது. மூளை மந்தமும் அதனால்தானா என்று கேட்டேன். பெரும்பாலும் அதனால்தான் என்றார். பயம்?

"பாதி அதுனால இருக்கலாம். உங்கள அடிச்சாங்களே, அது மிச்சப் பாதி. அதுக்குச் சாப்பாடு மட்டும் போதாது" என்றார்.

அவர் சொன்னது சரி. சோறும் இட்லியும் களியுமாகச் சாப்பிட்டு உடம்பு தேறியது. சில மாதம் கழித்து வண்டி எடுத்தேன். வெட்டிய புளியமரத்தின் அடிமரம் சாலையோரம் நின்ற இடத்துக்கு வந்ததும் தாண்டிப் போக முடியாது. வண்டியை ஓரம் கட்டி, மூச்சு திரும்பும்வரை நிற்பேன். கண்டக்டர் பயணிகளிடம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பான். தலை மூட்டமாக இருக்கும் நாளில் சாவியை அவனிடமே கொடுத்துவிடுவேன், மாற்று ஆள் வருவார். வீட்டில் எதுவும் தப்பாகச் சாப்பிடாமலேயே ஒரு தடவை பேதியும் மூட்டமும் திரும்பின. தேடித் தேடிக் கடைசியில் ரசத்தில் போட்ட கட்டிப் பெருங்காயத்தைக் கண்டுபிடித்தாள் மனைவி. அதில் மைதா கலக்கிறார்களாம்.

வெளியில் நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. சின்னசேலத்தில் மச்சான் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். காலைப் பந்தியில் பூரியும் கேசரியும். நான் இட்லி மட்டும் கேட்டேன். மச்சானுக்கு முந்தின நாள் குடி தெளியவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாடு கேவலமா என்று ஆரம்பித்தான். வியாதி என்றேன்.

"கோதும துன்னா சாவுற வியாதியா? மாப்ள அடி வாங்கனதுல இருந்து பயந்து பயந்து சாவுறாரு" என்று பந்திக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஒரு கையால் என் பிடரியைப் பிடித்து, மறு கையால் பூரியை வாயில் திணித்தான்.

பிடரியில் கை பட்டதுதான் தெரியும். எழுந்து அவன் மூக்கில் குத்தினேன். இலைகள் மேல் விழுந்தான். அவன் தம்பிகள் என்மேல் பாய்ந்தார்கள். சாம்பார் வாளி கவிழ்ந்தது, ஒருவன் பெஞ்சைத் தூக்கினான். என் மனைவி நடுவில் வந்து நின்றுகொண்டாள். தன் அண்ணனைப் பார்த்து அவள் கத்தவில்லை. "இவுரு செத்தா நீ சோறு போடுவியா?" என்று மட்டும் கேட்டாள். பெஞ்சு கீழே இறங்கியது.

வாயில் இருந்ததைத் துப்பி, கொப்பளித்துவிட்டு, தாலி கட்டும்வரை மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை யார் யார் அடித்தார்கள், யார் விலக்கினார்கள், எல்லாம் தெளிவாக நினைவிருந்தது. மச்சான் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மதியம் சோறுதான், சாம்பாரில் பெருங்காயம் போட வேண்டாம் என்று சமையல்காரனிடம் சொல்லிவிட்டேன் என்றான். சாம்பார் வேண்டாம், தயிர்ச்சோறு போதும் என்றேன். சரி என்று எழுந்து உள்ளே போனான்.