மழைக்கோட்டுக்குள் மறைத்த ரத்தம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. குணசேகரன் சார் மாரடைப்பில் போய்விட்டார். தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கிள்ளானில் ஒரே இடைநிலைப்பள்ளியில் அவரோடு வேலை செய்தவன் நான். அவரோடு அதிகம் சண்டை போட்டவனும் நான்தான் என்பது நண்பர்களுக்குத் தெரியும்.

அவர் நன்னெறி ஆசிரியர். "நல்லது எதுன்னு புத்தகம் சொல்லிடும். அது எப்படி இருக்கும்னு பசங்க நம்மளத்தான் பாப்பாங்க," என்பார். பிரம்பை நம்புகிற எனக்கு எரிச்சலாக வரும். உங்கள் முறை பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கூடத்தில்தான் செல்லும், அப்படி ஒன்றாகப் பார்த்து மாற்றல் கேளுங்கள் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு மழை நாளில் பள்ளி விட்டதும் பஸ் நிற்குமிடத்தில் இரண்டு கும்பலுக்குச் சண்டை. எங்கள் ஐந்தாம் படிவத்தில் படித்த பதினேழு வயது மாணவன் ஒருவன் இன்னொருவனின் முகத்தைக் கத்தியால் கிழித்துவிட்டான். கிழிபட்டவனின் ஆட்கள் ஹெல்மெட்டும் சங்கிலியுமாக வந்து இவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். பல் தெறித்தது. அப்போதும் கத்தியை அவன் விடவில்லை. சார் ஓடிப்போய் அவன்மேல் கவிழ்ந்து படுத்தார். அடி முழுவதும் அவர் முதுகில் விழுந்தது.

"என்னை அடிங்கண்ணே. இவன் என் மாணவன்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மற்ற ஆசிரியர்களும் நானும் கும்பலை இழுத்து விலக்கினோம். அவர் எழுந்து, திறந்திருந்த மழைக்கோட்டின் பொத்தான்களை மாட்டிக்கொண்டு, போலீஸ் பையனை ஏற்றிச் செல்லும்வரை நின்றார். வண்டி போன பிறகுதான் என் தோளில் சரிந்தார். கோட்டைத் திறந்தால் சட்டை முழுக்க ரத்தம். மேலே விழுந்தது யாரென்று தெரியாமல், பயத்தில் பையன் அவர் வயிற்றில் குத்தியிருக்கிறான்.

"அந்தக் கும்பல் இதப் பாத்திருந்தா, வாத்தியாரையே குத்திட்டான்னு அவன அங்கேயே கொன்னிருப்பாங்க," என்றார்.

பையன் திருந்தவில்லை. சிறையிலிருந்து வெளியே வந்து வேறொருவனை வெட்டிவிட்டு மறுபடி உள்ளே போனான். எனக்கு வந்த ஆத்திரத்தில், இதற்காகவா வயிற்றில் குத்து வாங்கினீர்கள் என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அவன் திருந்துவான்னு உத்தரவாதம் வாங்கிட்டா குறுக்க விழுந்தேன்? அவன் எப்படி வேணா இருக்கட்டும். வாத்தியார் எப்படி இருக்கணும்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவருடைய நம்பிக்கை எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் அவரைத் தகனம் செய்த மறுநாள், வகுப்பில் ஒருவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு என் முகத்தில் துப்பினான். ஓங்கிய கை என்னுடையது. அதைக் கீழே இறக்கியவர் குணசேகரன் சார்.