சிரிக்காத முகத்துக்கு நான் சிரித்தது

படங்களில் முகத்தை அசைக்காமல் விழுந்து எழும்புகிறவனைப் பார்க்க எனக்கு அலுத்துவிட்டது. ஊமைப்படம் போய்ப் பேசும் படம் வந்தது, இங்கிலீஷ்ப் படத்தோடு தமிழ்ப் படமும் வந்தது. எதிலாவது ஒருவன் ஏணியோடு திரும்புகிறான், பின்னால் நிற்கிறவன் குளத்தில் விழுகிறான், ஏணிக்காரன் ஒன்றும் நடக்காதவன்போலப் போகிறான். ஆள்தான் மாறுகிறான், முகம் மாறுவதில்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இருக்கிறேன்.

எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பு வந்ததுதான். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், என் கணவர் சனிக்கிழமைகளில் என்னைக் கொட்டாஞ்சேனைக்குப் பயஸ்கோப் பார்க்கக் கூட்டிப்போவார். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, சிங்களமும் தெரியாது. ஆனால் அந்த ஊமைப்படங்களில் எல்லோரும் ஒரே இடத்தில் சிரித்தோம். ஒரு படத்தில் ஒரு மெல்லிய மனிதன் ட்ராமிலிருந்து இறங்கித் தலை மறையச் சேற்றுத் தண்ணீருக்குள் போனான். எழும்பித் தொப்பியில் நிறைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். சனம் கூரை பறக்கச் சிரித்தது. என் கணவர் மட்டும் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொடங்கியது என் கரைச்சல்.

அவர் கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலைக் கொம்பனிக் கந்தோரில் கிளாக்கர். வேலையால் வரும்போது வேண்டுமென்றே கதவில் தலையை இடித்துக்கொண்டு, கதவிடமே மன்னிப்புக் கேட்பார். முகம் மரக்கட்டை. ஒருநாள் சோறு குழைத்துக்கொண்டே, "உம்மட அம்மா படலையடியில நிக்கிறா" என்றார். கைகூடக் கழுவாமல் ஓடினேன். வாசல் படலையடியில் ஒரு மாடு நின்றது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நானே நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பிறகு நான் பிள்ளைத்தாய்ச்சியானேன். குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. பயஸ்கோப்பும் நின்றது, சிரிப்பும் நின்றது. அவர் கதவில் இடித்தால் நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். கோட்டைக் கந்தோர்களில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று எங்கும் ஒரே கதை. அவரை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். வாடகை வீடு, வயிற்றில் பிள்ளை. வேறு என்னத்தை நம்புவது?

ஒரு பின்னேரம் வந்தவர் தொப்பியை ஆணியில் மாட்டினார். விழுந்தது. எடுத்து மாட்டினார். திரும்பவும் விழுந்தது. மூன்றாம் தரம் அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள்."

அதே மரக்கட்டை முகம். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார். அன்றைக்கு எனக்குச் சோறும் இறங்கியது.

அடுத்த நாளும் குடையோடு ரெயிலுக்குப் போனார். நானும் வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டைக் கரியரில் கட்டி, வீடு வீடாக வாங்கிக் கந்தோர்களுக்குக் கொண்டுபோகிற சிங்கள ஆளிடம் கொடுத்தேன். பின்னேரம் அந்த ஆள் அதைத் திருப்பித் தந்தபோது பாரமாக இருந்தது.

"மாத்தயா நே, நோனா" என்றார். ஐயா அங்கே இல்லையாம். அந்தளவு சிங்களம் எனக்கு அப்போது விளங்கும். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவர் வந்ததும் கத்தினேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நேற்றுச் சொன்னனான்."

"நான் பகிடியெண்டெல்லே நினைச்சனான்! பகிடி இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

அவர் குடையை மூலையில் சாத்தினார்.

"நீர் சிரிச்சு மூண்டு மாசம். அந்தச் சிரிப்பை நிப்பாட்ட மனம் வரேல்லை."

சொல்லும்போதே வாய் கோணியது, கன்னம் நடுங்கியது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கண்டதில்லை. பயந்துபோனேன். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"அழாதேங்கோ. மற்ற முகத்தை வையுங்கோ" என்றேன்.

வைக்கத்தான் பார்த்தார். அவரால் முடியவில்லை.