பெரியவன் பேசவில்லை

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். அப்பா கடைசியாக யாரைப் பற்றிச் சொன்னார் என்று தயவுசெய்து இனி என்னிடம் கேட்காதீர்கள். ஓராண்டாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே குழம்பிவிட்டது. தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அப்பா பிறந்தது மாடம்பாக்கத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, பல்லாவரத்தில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நகரத்துப் பழைய தேவாலயம் ஒன்றில் பெஞ்சுக்குக் கால் மாற்றப் போனவர், வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்த குழாய் ஆர்கன் என்ற இசைக்கருவி அங்கே ஊமையாக நிற்பதைப் பார்த்திருக்கிறார். குழாய்களுக்குக் காற்று ஊதும் துருத்தியின் தோலை எலி தின்றிருந்தது. மரக் குழாய்களில் கரையான். "தொறந்து பாக்கட்டுமாங்கய்யா?" என்று போதகரைக் கேட்டாராம். அன்று பிரித்து மாட்டியதுதான் தொடக்கம். பிறகு ஊட்டி, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ ஆள் அனுப்பினார்கள்.

பொழிச்சலூர் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் குழாய், கதவுக்குப் பின்னாலும் குழாய். ஒவ்வொன்றாக வாயால் ஊதிக் காது கொடுத்துக் கேட்பார். தலைக்கு மேல் விமானம் வந்துவிட்டால் போச்சு. "இரு, பிளேன் போகட்டும்" என்பார். வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது எங்களுக்கு எப்படிப் பழகியது என்றால், இன்றைக்கும் விமானச் சத்தம் கேட்டால் நான் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுகிறேன்.

குழாய் ஒலித்தால் 'பேசுது', ஒலிக்காவிட்டால் 'பேசல'. அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா அதோடு நிற்காமல் குழாய்களை அவன், இவன் என்பார். அந்தத் தேவாலயத்தில் கூரையைத் தொடுகிற மாதிரி நின்ற மரக் குழாய்க்கு 'பெரியவன்' என்று பெயர். தொல்லை என்னவென்றால், எங்கள் வீட்டில் அண்ணனும் பெரியவன்தான். நான் சின்னவன். "பெரியவனுக்கு உடம்பெல்லாம் பூச்சி" என்று அப்பா சொல்லப்போய், அம்மா பதறி அண்ணனின் சட்டையைக் கழற்றிப் பார்த்த கதை உறவில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றதும் அந்தக் குழாயால்தான். ஓர் ஈஸ்டர் சமயம், அப்பா ஊட்டியில் இருந்தார். இங்கே பெரியவன் சரியாகப் பேசவில்லை. அப்பாவிடம் தொழில் பழகிய அண்ணன், குழாயின் அடிப்பகுதியில் ஒலி பிறக்கும் வாயின் மேலுதட்டை உளியால் கொஞ்சம் செதுக்கினார். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம். கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. திரும்பி வந்த அப்பா, சபையார் அத்தனை பேர் முன்னாலும், "வாய வெட்டிட்டியேடா பாவி! இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று கத்திவிட்டார். அப்பா பொறுமைசாலி என்று இதே மலரில் மாமா எழுதியிருக்கிறார். எழுதட்டும். அன்றைக்கு அப்பா பொறுமையாக இல்லை.

அண்ணன் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை தேடிக்கொண்டு பொத்தேரிக்குக் குடிபோனார். பொத்தேரி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? தாம்பரத்தில் ரயில் ஏறினால் வந்துவிடும். ஆனாலும் இருவரும் வருஷக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. எங்களுக்குத் தெரிந்து அப்பா அந்தக் குழாயையும் தொடவில்லை. அம்மா ஒருவர்தான் இங்கும் அங்குமாக அலைந்தார்.

அப்பா நுரையீரல் கோளாறால் படுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடைசி நாள் மதியம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து, "பெரியவன் பேசலடா சின்னவனே. எப்பிடியாவது பேச வெச்சிடு" என்றார். 'எந்தப் பெரியவன்?' என்று நான் வாயைத் திறக்கும்போது ஒரு விமானம் வந்தது. பாழாய்ப்போன பழக்கம், அது போகட்டும் என்று காத்திருந்தேன். போனதும் கேட்டேன். அப்பா தூங்கிவிட்டிருந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அடக்கத்துக்கு வந்த அண்ணன் என்னைத் தனியே இழுத்து, "என்னத்தானடா சொன்னாரு? சொல்லுடா" என்று கெஞ்சினார். "தெரிலண்ணா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தையோ, "ஜுரத்துல ஒளர்றதுக்கெல்லாம் அர்த்தம் பாக்கறியா? அந்தக் கட்டையத்தான் சொல்லிருப்பாரு" என்றார். "பெத்த புள்ளைய விட்டுட்டுக் கொழாயவா நெனப்பாரு?" என்று அம்மா சண்டைக்குப் போனார். மறுவாரம் அதே அம்மா, "அவரு நெனச்சாலும் நெனப்பாரு" என்றார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

சென்ற மாதம் நினைவு ஆராதனைக்கு ஏற்பாடு செய்ய நானும் அண்ணனும் தேவாலயத்துக்குப் போனோம். ஆர்கன் வாசிக்கும் டீச்சரிடம், "பெரியவன் இன்னும் பேசலையாமே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? நல்லாப் பேசறானே! படுக்கையில விழறதுக்கு முன்னாடி உங்கப்பாவே வந்து சரி பண்ணிட்டாரே. வீட்ல சொல்லாம வந்தேன்னாரு, தெரியாதா?" என்றார் அவர்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். அண்ணன் செதுக்கிய இடத்தில் அப்பா தேக்குச் சில்லை ஒட்டி உதட்டைக் கட்டியிருந்தார். அப்படியானால் அன்று மதியம் சொன்னது அண்ணனைத்தானே? "ஒட்டுனதையே மறந்துருப்பாரு" என்கிறார் அத்தை, இன்னும். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

இரவும் பகலும் வந்து பார்த்த மருத்துவருக்கும், ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்த பக்கத்து வீட்டு பாய்க்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டீச்சருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அன்று அண்ணன், "ஒரு தடவ அமுக்குங்க டீச்சர்" என்றதும் எதுவும் கேட்காமல் பெரியவனுக்கான மிதிகட்டையை அமுக்கினார். தரை அதிர்ந்தது. அண்ணன் அந்தத் தேக்குச் சில்லின் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. டீச்சர் போதுமா என்று பார்த்தார். அண்ணன், காலை எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.