பாதி சீசனுக்குப் பாதி மீசை

பாண்டிச்செல்வியின் இடது கை கிழவரின் தலையை அமுக்கிப் பிடித்திருந்தது. வலது கை காயத்தைச் சுற்றி முடியை வழித்துக்கொண்டிருந்தது. மாடு முட்டிச் சுவரில் போய் விழுந்தவர். மண்டைத்தோல் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் அவள் மணிக்கட்டில் இறங்கி முழங்கைக்கு ஓடியது. காயத்தின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத்தான் வழிக்க வேண்டும். உள்பக்கமாக இழுத்தால் முடி காயத்துக்குள் போய்ச் சீழ் வைக்கும்.

"ஏ தாயி, மொட்டையே போட்டுருவ போலிருக்கே."

"முடி முளைக்கும், மூளை முளைக்காது. ஆடாம இரிங்க."

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கல்யாணமான மறு வருசம் வேலைக்கு வந்தாள். தையலுக்கு முன்னால் வழிப்பது, கழுவுவது, கட்டுவது அவள் பாடு. அரிவாள் வெட்டு, கட்டிங் மிஷின் வெட்டு, லாரி இழுத்துப்போட்ட தொடை எல்லாம் பார்த்தாயிற்று. ரத்தத்தைக் கண்டு தலைசுற்றும் சொந்தக்காரர்களை முதலில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

பிறந்தது நாகலாபுரம். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடினாள். கடம்பூரில் நடந்த ஒரு ஆட்டத்தில் எதிர் அணிக்காரியின் முழங்கை பட்டு முன்பல் தெறித்தது. பல்லைப் பொறுக்கிப் பாவாடை மடிப்பில் முடிந்துகொண்டு கடைசி விசில் வரைக்கும் ஆடினாள். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பசுவந்தனை திருப்பதி பெண் கேட்டு வந்தான். அவனும் ஆட்டக்காரன். பந்தைப் போடுவதைவிட முழங்கையைப் போடுவதில் பேர் வாங்கியவன். இப்போது வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறான். அந்தக் கரியைத் தன் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவன் பாண்டிச்செல்வியின் தம்பி சோலைராஜ். பந்து பிடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் திருப்பதிதான்.

இருவருக்கும் ஆட்டம் நின்று வருசங்களாகியும் கிறுக்கு நிற்கவில்லை. விடிகாலையில் ஊரில் குருசாமி டீக்கடை டிவியில் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டம் ஓடும். பழைய கிளப் ஆட்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே சீசன் பாதி ஆகும்போது இங்கே பொங்கல் வரும். மாட்டுப்பொங்கலன்று காலையில் ஆளுக்கொரு அணியைச் சொல்வது அந்தக் கடையில் வழக்கம். இந்தத் தை மாதமும் சொன்னார்கள்.

"பாஸ்டன்தான்லே" என்றான் திருப்பதி. "போன வருசம் கப்பு வாங்கினவன். மூணு பாயிண்டு மூணு பாயிண்டா வீசிக் கொன்னுருவான்."

"வீசட்டும் அத்தான். ஓக்லஹோமா பயலுவ பந்தை வீச விட்டாத்தானே? கையில இருக்கிறதையே பிடுங்கிட்டுப் போயிருவானுவ. எல்லாம் எளரத்தம்."

"எளரத்தம் ஃபைனல்ல மூத்திரம் பேயும்."

"நான் கிளீவ்லாண்டு" என்றார் குருசாமி. அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போக வந்த பாண்டிச்செல்வியையும் கேட்டார்கள். "ஆனி மாசம் வரைக்கும் எவன் முழங்கால் தாங்குதோ அவன் ஜெயிப்பான்" என்று சொல்லித் தூக்குவாளியை வைத்துவிட்டு அவள் பஸ்சுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் பேச்சு முற்றி, தோற்றவன் மீசையை எடுப்பது என்று இருவரும் கையடித்தார்கள். பந்தயம் கோப்பைக்குத்தான். ஆனியில் ஃபைனல் முடிந்தால்தான் தெரியும். அதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

இப்போது மாசி. கிழவருக்குத் தையல் போட்டு முடித்து, அவரைப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தியபோது வாசலில் லோடு ஆட்டோ வந்து முட்டி நின்றது. குருசாமி முன்னால் குதித்தார். பின்னால் சோலைராஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டையின் இடது பாதி ரத்தத்தில் ஒட்டியிருந்தது. தோளில் சதை இரண்டு உதடாகப் பிரிந்து கிடந்தது. அதற்கு மேலே காது பாதிதான் இருந்தது.

பாண்டிச்செல்வி கத்தியில் பிளேடை மாற்றினாள்.

"ஏலே, மிச்சக் காது எங்க?"

குருசாமி துண்டை விரித்தார். மேல்காது கரித்தூளில் உருண்டு கிடந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு ஒட்டாது என்று தலையாட்டினார். அவள் அதை எடுத்து ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டாள். தம்பியின் தலையைத் திருப்பிக் காதோர முடியை வழிக்க ஆரம்பித்தாள்.

"யாரு?"

சோலைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். குருசாமிதான் சொன்னார்.

"உன் வீட்டுக்காரருதான் தங்கச்சி. காலையில பாஸ்டனும் ஓக்லஹோமாவும் ஆடினானுவ. சொந்த ஊருல வச்சே பாஸ்டன் தோத்துட்டான். மார்கழியிலயும் ஓக்லஹோமாகிட்டதான் தோத்தானாம். இவன் எந்திரிச்சு, 'அத்தான், பாதி சீசனும் தாண்டியாச்சு, பாதி மீசை பாக்கி இருக்கு'ன்னான். அவரு சிரிச்சாரு. சரி, மச்சினன் கேலிதானேன்னு நானும் சிரிச்சேன். ரெண்டு பயலுவ அவரு கையைப் பிடிச்சுக்கிட்டானுவ. இவன் பக்கத்து சலூன்ல கத்தியை வாங்கிட்டு வந்து பாதி மீசையை வழிச்சே போட்டான். அவரு உதறினதுல உதடு வேற கிழிஞ்சிட்டு. அதை ஒருத்தன் வீடியோ எடுத்துக் குரூப்புல போட்டுட்டான்."

"அவிய என்ன செஞ்சாக?"

"ஒண்ணுஞ் செய்யல. ரத்தத்தத் துடைச்சாரு. மிச்சம் இருந்த டீயைக் குடிச்சாரு. கிளாசைக் கழுவித் தொட்டியில வச்சிட்டுப் போனாரு. அப்பவே தங்கச்சி, அந்தப் பக்கம் போகாதலேன்னு இவங்கிட்ட சொன்னேன்."

சோலைராஜ் கேட்கவில்லை. அத்தானுக்குக் கோபம் ஆறியிருக்கும் என்று கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல லோடு ஏற்றக் கரிமூட்டத்துக்குப் போயிருக்கிறான். புகைக்குள்ளிருந்து திருப்பதி வந்தான். போளியை நீட்டிக்கொண்டிருக்கும்போதே அரிவாள் இறங்கியது. சோலைராஜ் தலையை ஒதுக்கியதால் காதைச் சீவிக்கொண்டு தோளில் பதிந்தது. இவன் கரி கிளறும் கம்பியைப் பிடுங்கி அத்தானின் விலாவில் ஓங்கி அடித்துவிட்டு, விழுந்த காதை அள்ளிக்கொண்டு, மினி லாரியை அங்கேயே விட்டுவிட்டுக் குருசாமி கடைக்கு ஓடிவந்திருக்கிறான்.

டாக்டர் தோளைத் தைத்துக்கொண்டிருக்கும்போது பாண்டிச்செல்வியின் போன் அடித்தது. திருப்பதி.

"பாதி மீசைக்குப் பாதி காது எடுத்திருக்கேன். ஊரெல்லாம் வீடியோவுல காட்டினான்லா, அதுக்குக் கழுத்து. நீ கட்டுப் போட்டு அனுப்பு, நான் அவுத்துக்கிடுதேன்."

பேச்சு முழுக்க மூச்சு வாங்கியது. விலா எலும்பு போயிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் சோலைராஜின் கூட்டாளிகள் ஐந்தாறு பேர் கம்பியும் கட்டையுமாகச் சேர்ந்துவிட்டார்கள். "நீ சொல்லு மாப்ள, ஆளை மூட்டத்துக்குள்ளயே தள்ளி மண்ணைப் போட்டு மூடிருதோம்" என்றான் ஒருத்தன் சன்னல் வழியாக. சோலைராஜ் தலையைத் தூக்கினான். "போங்கலே. எங்க அக்காவுக்காகப் பாக்காதீங்க."

பாண்டிச்செல்வி தம்பியின் காது முழுசாக இருந்த பக்கத்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தையல் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் பின்வாங்கினார்.

"சார், ஸ்டேஷனுக்குச் சொல்லிருங்க. யாரு வெட்டினான்னும் சொல்லுங்க, வாசல்ல யாரு கம்பியோட நிக்கான்னும் சொல்லுங்க" என்றாள். கூட்டாளிகள் மெல்ல வண்டிகளைத் திருப்பினார்கள். டாக்டர் போன் போட்டதற்கு, காலையில்தான் ஆள் அனுப்ப முடியும் என்றது ஸ்டேஷன். இருட்டினால் கூட்டாளிகள் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். குருசாமியின் வண்டியில் ஏறிக் கரிமூட்டத்துக்குப் போனாள்.

வெட்டின கருவைத் தூர்களுக்கு நடுவே, வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலில் திருப்பதி உட்கார்ந்திருந்தான். வாயைச் சுற்றித் துண்டு. மடியில் அரிவாள். பக்கத்தில் போளிப் பொட்டலத்தை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியோ, தம்பிக்கு வக்காலத்து வாங்க."

"துண்டை எடுங்க. உதட்டுக்கு மருந்து வைக்கணும்."

"வீடியோ பாத்தியாட்டி?"

"பாத்தேன். சிரிப்பாத்தான் இருந்துச்சு."

அவன் எழுந்த வேகத்தில் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடித்தான். அவள் குறுக்கே கொடுத்த முன்கையில் பட்டு அது அப்போதே வீங்கியது. அவள் ஒரு எட்டு உள்ளே போய், கம்பியடி பட்ட விலாவிலேயே முழங்கையை இறக்கினாள். ஆட்டக்காலத்தில் பழகின முழங்கை. திருப்பதி சத்தம்கூட வராமல் மடங்கி விழுந்து வாந்தி எடுத்தான். அவள் அரிவாளை எடுத்து மூட்டத்தில் புகை வந்துகொண்டிருந்த வாய்க்குள் எறிந்தாள். பிறகு பக்கத்தில் குத்தவைத்து, விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு எலும்பு முறிஞ்சிருக்கு. எந்திரிங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"இந்த மூஞ்சியோடயா?" அவன் துண்டைப் பிடுங்கி எறிந்தான். ஒரு பக்கம் மீசை முறுக்கியபடி இருந்தது. மறுபக்கம் வீங்கின உதடு. "பாதியோட போனா ஸ்டேஷனே சிரிக்கும். மிச்சத்தையும் எடுத்தேன்னா நான் தோத்தேன்னு ஆயிரும். ஆனி வரலைட்டி! கப்பு இன்னும் யாருக்குன்னு தெரியலை! அவன் மீசையை முறுக்கிக்கிட்டு ஊருக்குள்ள திரியுத வரைக்கும் அவன் கழுத்து என் பாக்கிதான். உள்ள போட்டாலும் வெளிய வந்து வெட்டுவேன்."

எறிந்த துண்டை அவள் எடுத்து உதறினாள். இந்த ஆள் சொன்னால் செய்வான்.

"அவன் மீசையை நான் எடுத்தா?"

"நீயா?"

"அப்ப ஸ்டேஷனுக்கு வருவீகளா? வெட்டினேன்னு நீங்களே சொல்லணும். வெளிய வந்தும் அவனைத் தொடக் கூடாது."

திருப்பதி கரி மண்ணைத் துப்பினான். "என் கண்ணு முன்னால எடு. வாரேன்."

குருசாமி கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கொட்டடியில் அவனை விட்டு, வெளியே பூட்டினாள். உள்ளே தண்ணீரும் இட்லியும் வலி மாத்திரையும் வைத்தாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பித் தம்பியின் கட்டில் பக்கத்தில் பாயை விரித்தாள். கூட்டாளிகள் கரிமூட்டத்துக்குப் போய், ஆளைக் காணாமல் மினி லாரியில் இருந்த கரிச்சாக்குகளை உதைத்துவிட்டுத் திரும்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

மறுநாள் காலையில் கொட்டடிச் சாவியைக் குருசாமியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் வெந்நீர் போட்டாள். கிண்ணத்தில் சோப்பை நுரைத்துத் தம்பியின் உதட்டுக்கு மேல் தேய்த்தாள்.

"எக்கா, என்ன செய்யுத? காயம் காதுலல்லா?"

"மூலம் இங்கனதான் இருக்கு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் துள்ளினான். "ஜெயிச்சவன் மீசையை எவளாவது எடுப்பாளா? மாட்டேன்! காதை எடுத்தவனுக்கு மீசையையும் குடுக்கணுமோ?"

"நீ எதை ஜெயிச்ச? ஆனியில உன் ஆளு கப்பு வாங்கட்டும். அதுக்குள்ள இது முளைச்சிரும். கழுத்து முளைக்காதுலே."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். தோள் தையலின் மேல் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவன் அலறியதில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மாடு முட்டின கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தையல் பிரிஞ்சா மரத்துப்போற ஊசி போடாம தைக்கச் சொல்லுவேன். மூஞ்சியை நேரா வையி."

கதவருகே குருசாமி திருப்பதியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். திருப்பதி விலாவைக் கையால் தாங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு இழுப்பில் ஒரு பக்கம், இரண்டு இழுப்பில் மறுபக்கம் எடுத்தாள். கறுத்த மயிர் நுரையோடு தட்டில் விழுந்தது. சோலைராஜின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பஞ்சுக் கட்டுக்குள் போனது. வலியாலா வேறெதாலா என்று அவள் கேட்கவில்லை.

பிளேடை மாற்றிவிட்டு ஸ்டூலைக் காட்டினாள். திருப்பதி வந்து உட்கார்ந்து, தானாகவே முகத்தைத் தூக்கினான். கிழிந்த உதட்டில் படாமல் மிச்சப் பாதியையும் வழித்தாள். இரண்டு பேரின் மயிரும் ஒரே தட்டில் கிடந்தது.

திருப்பதி எழுந்து வாசல் வரைக்கும் போனான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "ஏலே, பாஸ்டன் இன்னும் வெளிய போயிரல."

"அந்தப் பக்கம் காது கேக்கலை அத்தான்" என்றான் சோலைராஜ்.

குருசாமி சிரிக்கப் போய், பாண்டிச்செல்வியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஸ்டேஷனில் ஏட்டய்யா திருப்பதியின் வழித்த உதட்டை ஏறிட்டுப் பார்த்தார். "என்னப்பா, மீசையை எடுத்திருக்க, ஐயா தவறிட்டாரா?"

"இல்ல. மச்சினனை வெட்டிட்டேன்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பாண்டிச்செல்வி மாத்திரைச் சீட்டை ஏட்டய்யாவிடம் கொடுத்து, காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு, விலாவில் யாரும் கை வைக்கக் கூடாது, எக்ஸ்ரே எடுக்கணும் என்றாள். அவர் எழுதிக்கொண்டாரா என்று நின்று பார்த்தாள். பிறகு வீங்கின கையைச் சேலைத் தலைப்பில் தூளி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மாடு முட்டின கிழவருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது.