சிப்பித் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர்

கொச்சியில் கடல் உயிரியல் முதுகலை படித்தபோது, கடல் சூடானால் கல்லுமக்காய்ச் சிப்பிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. நடுவில் ஆய்வகத்தை மராமத்துக்காக மூடிவிட்டார்கள். மிஞ்சிய பதினாறு சிப்பிகளை இரண்டு வாரம் உயிரோடு காப்பாற்றினால் ஆய்வு உண்டு, செத்தால் அடுத்த வருடம்தான் என்றார் வழிகாட்டி. கேன் கேனாகக் கடல்நீரோடு அவற்றை எங்கள் ஊரான எருத்தேன்பதிக்குக் கொண்டுவந்தேன். கடலையே பார்த்திராத, விவசாயியான என் கணவர், "இதுக்குப் புண்ணாக்கு வெக்கோணுமா அம்முணி?" என்றார்.

எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துணி நொடியில் காய்ந்துவிடும். தொட்டியிலும் தினமும் நீர் வற்றியது. நானும் தினமும் கடல்நீரையே ஊற்றி நிரப்பினேன். ஐந்தாம் நாள் சிப்பிகள் எல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டன. என்ன கோளாறு என்று தெரியவில்லை. நீரைச் சோதிக்கும் கருவிகளை வாங்கிவரக் கொச்சிக்கு ஓடினேன்.

மறுநாள் திரும்பினால், தென்னைக்குப் போடும் சொட்டுநீர்க் குழாய் தொட்டிமேல் தொங்குகிறது. அதிலிருந்து கிணற்றுத் தண்ணீர் சொட்டுகிறது.

"கடல் சிப்பிக்கு யாராச்சும் கெணத்துத் தண்ணி உடுவாங்களா? என்ற படிப்பே போச்சுங்க!"

"கத்தாத அம்முணி. வெயிலுக்குத் தண்ணிதான் போவும், உப்பு அங்கியேதான் கெடக்கும். நம்ம சொட்டுக் கொழா வாயில வெள்ளையாப் பூத்து அடச்சுக்கறதப் பாத்ததில்லியா? நீ உப்பு மேல உப்பா ஊத்தியிருக்கற. ஒரேயடியா மாத்துனாத் தாங்காதுன்னுதான் சொட்டா உட்டேன்."

கருவியை வைத்து அளந்தேன். உப்பு கிட்டத்தட்டக் கடலின் அளவுக்கு இறங்கியிருந்தது. நான் ஏட்டுச் சுரைக்காயாக நின்றேன். வெட்கமாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன், வழக்கத்தைவிடச் சர்க்கரை தூக்கலாக. சாயங்காலம் முதல் சிப்பி வாயைத் திறந்தது.

இரண்டு செத்தன, பதினான்கு பிழைத்தன. ஆய்வுக்கு அது போதும் என்றார் வழிகாட்டி. தொட்டியைக் கொச்சிக்குத் தூக்கிவந்த வீட்டுக்காரரை அப்படியே கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வெயிலை மறைக்க நெற்றியில் கைவைத்துக் கடலை வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் அம்முணி, இந்த வெயிலுக்கு இதுல வத்தறத யாரு ஊத்தறது?"

"மழைதானுங்க."

"அதான பாத்தேன். நம்மூருக்கு வராத மழையெல்லாம் இங்கதான் ஊத்துதாட்ட இருக்குது!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன்.