கதாநாயகன் பேருக்கு ஒரு அர்ச்சனை

பெற்ற பிள்ளையைப் பற்றியது என்பதால், இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தள்ளிப்போட்டு வந்தேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் செல்போனுக்கு ஒரு கதை விளையாட்டு எழுதினான். படமும் பேச்சுமாகக் கதை ஓடும். நடுவில் ரெண்டு பதில் வரும், நாம் தொடுகிற பதில்படி கதை போகும் என்றான். அது வெளிவந்த அன்று கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, சிதம்பரம் கோயிலில் அந்தக் கதாநாயகன் பேருக்கே அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் கேட்டார்கள். கதையில் வருகிறவனுக்கு ஏது நட்சத்திரம்? மகனுடையதைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு, செல்போனில் அந்த விளையாட்டை ஆடினேன். கதாநாயகன் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். ஊரிலிருந்து அவன் அம்மா போன் பண்ணினாள். ‘பேசு’, ‘பேசாதே’ என்று ரெண்டு பதில் வந்தது. ‘பேசு’ என்பதைத் தொட்டேன். “வேலையா இருக்கேன், வை” என்று வைத்துவிட்டான். திரும்பத் திரும்ப ஆடியும் அதேதான்.

மகனுக்குப் போன் போட்டேன்.

“என்னடா, எதைத் தொட்டாலும் பெத்தவகிட்ட பேசமாட்டேங்கிறான்?”

“அய்யோ அம்மா, அவன் பேச ஒக்காந்தா கதை நகராது. அவன் கேரக்டரே அப்படித்தான்.”

“கொஞ்சம் நல்லவனா எழுதக்கூடாதா?”

“வேலையா இருக்கேன், வை.”

தப்பான நட்சத்திரம் சொல்லிவிட்டோமோ என்று சாமிக்குப் பயந்திருந்தேன். தப்பில்லை, பொருத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு தாய்மார்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளை நல்லவன்தான் என்று மட்டும் நடுவில் ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். நானே அதை எழுதி அடித்துவிட்டேன்.