துணியறை அக்கா போட்ட சீட்டு

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், வெயில் எட்டிப்பார்க்காத ஓர் அறையில் வேலை பார்ப்பவள் துணியறை அக்கா. மேலே எட்டு மாடிகளில் படுத்திருப்பவர்களின் விரிப்புகளெல்லாம் சலவை முடிந்து அவளிடம்தான் வந்து சேரும். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆள்குறைப்பில் கூட வேலை பார்த்தவள் போனபிறகு, அக்கா சுவரில் இரண்டு கொக்கி அடித்தாள். இரண்டு முனைகளை அவற்றில் மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் தானே பிடித்து மடித்தாள். கொக்கி வம்பு பேசாது, லீவும் போடாது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லிக் கேட்க அங்கே ஆளும் அதிகமில்லை.

வயது ஐம்பத்தாறு, பிள்ளை இல்லை. கணவர் பஸ் ஓட்டியவர், வாயைத் திறந்தால் மூடாத மனிதர். கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்களையும் பேச்சில் பிடித்துவைத்துவிடுவார். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. இப்போது ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். அக்கா தினமும் வேலை முடிந்து நேரே அங்கே போய், அவருக்குச் சாப்பாடு ஊட்டி, முகத்தை மழித்துவிட்டு, பைபிளில் ஓர் அதிகாரம் வாசிப்பாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் போகும் கோயிலின் வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று நோயாளிகளுக்கு. மற்றது கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களுக்கு, அதாவது இறந்தவர்களுடைய குடும்பங்களின் ஆறுதலுக்கு. சீட்டில் பெயரை மட்டும் எழுதிப் போட்டால் போதும், யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். ஆராதனையில் சபைச் செயலாளர் எழுந்து வாசிப்பார். ஓய்வுபெற்ற பள்ளிக் குமாஸ்தாவான அவர் சீட்டில் இருப்பதை வாசிப்பாரே ஒழிய, சொந்தமாக ஒரு கமாகூடச் சேர்க்கமாட்டார். அக்கா மூன்று வருடமாக வாரம் தவறாமல் ஒரே பெயரை எழுதி, ஒரே பெட்டியில் போட்டுவந்தாள். முதல் இரண்டு மாதம் ஜனங்கள் எப்படியிருக்கிறார் என்று விசாரித்தார்கள். பிறகு அந்தப் பெயர் அவர்கள் காதுக்குப் பழகிவிட்டது. அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பை. கண்ணைக் கட்டிவிட்டாலும் தவறாத கை அன்று தவறி, சீட்டு பக்கத்துப் பெட்டியில் விழுந்துவிட்டது.

நித்திரையடைந்தவர்களின் வரிசையில் கணவருடைய பெயரைக் கேட்டதும் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லத்திலிருந்து தனக்கு முன்னால் இவர்களுக்குச் செய்தி வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம்தான் தன் கையின் வேலை என்று புரிந்தது. எழுந்து சொல்ல நினைப்பதற்குள் பக்கத்திலிருந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்துவந்து தோளை அணைத்துக்கொண்டாள். போதகர் பீடத்திலிருந்து அவளைப் பார்த்துக் கண் கலங்கினார். பாட்டு தொடங்கியது. கைகள் அவளை விடவில்லை. மூன்று வருடத்தில் யாரும் அவளை இவ்வளவு நேரம் தொட்டதில்லை. சொல்ல வேண்டியதை மென்று முழுங்கிவிட்டு, அக்கா கால் மணி நேரம் விதவையாக உட்கார்ந்திருந்தாள்.

ஆசீர்வாதம் முடிந்ததும் அடக்கம் எப்போது என்று செயலாளர் வந்து கேட்டார். அவர் இருக்கிறார், சீட்டுத்தான் பெட்டி மாறிவிட்டது என்று அவள் சொன்னாள். ஸ்தோத்திரம் என்றார்கள், நல்லவேளை என்றார்கள், சிலர் சிரித்தார்கள். பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. ஐந்து நிமிடத்தில் அவரவர் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் அவள் மட்டும் குடையோடு நின்றாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. செத்தவன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குத் தெரியும், சாகாமல் கிடப்பவன் வீட்டுக்குப் போகத்தான் தெரியவில்லை.

இல்லத்துக்குப் போய், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“இன்னைக்கு உங்களைக் கோயில்ல சாகடிச்சிட்டேங்க. தெரிஞ்சும் கால் மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எல்லாரும் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. நல்லா இருந்துச்சுங்க. மன்னிச்சிடுங்க.”

இந்த இடத்தில் அவருடைய விரல் அசைந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அசையவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க விரிப்புகளை மடித்துக்கொண்டே அவள் தன்னைத்தானே குடைந்தெடுத்தாள். அவர் போய்ச் சேரட்டும் என்று உள்ளுக்குள் காத்திருக்கிறோமோ? அப்படியென்றால் இத்தனை சீட்டுகளும் பொய்தானே? நம்பிக்கை செத்துவிட்டதா என்று தடவிப் பார்த்தாள். செத்திருக்கவில்லை. உயிர்த்தெழுதலின் நாளில் அவர் கையை வீசிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அவளுக்குச் செவ்வாய்க்கிழமைதான் சந்தேகமாக இருந்தது. செவ்வாய் மாலை இல்லத்தின் மாடிப்படிகளில் ஏறக் கால் வருமா என்பதுதான்.

அடுத்த ஞாயிறு வாசலில் நின்று இரண்டு சீட்டு எழுதினாள். இரண்டையும் நோயாளிகளின் பெட்டியில், கையால் தடவிப் பார்த்துப் போட்டாள்.

செயலாளர் வழக்கம்போல் வாசித்துக்கொண்டே வந்தார். கணவர் பெயர் வந்தபோது சபையில் லேசான சலசலப்பு எழுந்தது. அடுத்த சீட்டில் ஒரு பெண் பெயர்; வாசித்துவிட்டு அவர் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். மறுபடியும் அந்தப் பெயரை வாசித்தார். யாருக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். புதுசா யாராவது வந்திருக்காங்களா என்று பக்கத்து அம்மாள் அவளிடமே கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். யார் என்று தெரியாமலே அவளுக்காக ஜெபித்திருப்பார்கள். கர்த்தருக்கு விலாசம் தெரியும். ஆனால் அக்கா எழுந்து நின்றாள்.

“நான்தாங்க.”

செயலாளருக்குப் பன்னிரண்டு வருடமாக அவளைத் தெரியும், பெயர் தெரியாது. சொந்தமாக ஒன்றும் சேர்க்காத மனிதர் முதல்தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

“உடம்புக்கு என்னம்மா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. அவர் ஒருநாள் எழுந்திருப்பாரு. இங்கயோ, அந்த நாள்லயோ. அதுல எனக்குச் சந்தேகமில்லை. அதுவரைக்கும் தனியா முடியலைங்க.”